தொண்ணூறு விநாடி

பகல் பதினொன்று ஐம்பதுக்குத் துப்பறிவாளர் தூண்டிலுக்கு ஒரு விஷயம் சந்தேகமில்லாமல் தெரிந்துபோயிற்று. தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பதுதான் அது.

எதிரே மேஜை, மேஜைமேல் கணினி. அதை ஆன் செய்ததும் திரையில் ஏதோ ஒன்று வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, இரண்டு காதையும் தேடிப் பிடித்து மாட்டுவதற்குள் அது போயும் விட்டது.

"என்னம்மா வந்துச்சு?"

"கம்பெனி முத்திரை, பாஸ். அதுல துப்பு ஒண்ணும் இல்ல. அந்தக் கண்ணாடிக்கு ஒரு கயிறு போட்டுக் கழுத்துல தொங்க விட்டுக்கங்க. நம்ம கேசெல்லாம் பாதி நாள்ல முடியும்."

சொன்னவள் அவருடைய உதவியாளர். பெயர் வேறு, எல்லாரும் கூப்பிடுவது ஊசி என்று. வயது முப்பத்தாறு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், எட்டு வருஷம் கணினி ரிப்பேர் கவுன்டரில் உட்கார்ந்தவள். 'நான் ஒண்ணுமே பண்ணல, அது தானா இப்படி ஆயிடுச்சு' என்று தினமும் நாற்பது பேர் சொல்லக் கேட்டுக் கேட்டு, மனிதர்கள் மேலேயே நம்பிக்கை போய், கடைசியில் துப்பறியும் தொழிலுக்கு வந்து சேர்ந்தாள்.

தூண்டில் இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவர். பட்டப்பெயர் அங்கே வந்தது. ஒரு மனிதன் செருப்பைக் கழற்றிவிடுகிற விதத்தைப் பார்த்தே அவன் வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவார். செருப்பே போடாத கணினியிடம் அவருடைய பாச்சா பலிக்கவில்லை.

விஷயமோ தலைபோகிற விஷயம். அவர்களைக் கூப்பிட்டிருந்த வீட்டின் பெரியவரைக் காலையிலிருந்து காணோம். எழுபத்துநாலு வயது, நாற்பது வருஷம் கடிகாரம் ரிப்பேர் செய்தவர், மூன்று வருஷமாக நடுக்குவாதம். நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை உள்ளே போனால் மெல்ல நடப்பார், பேசுவார், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார். போகாவிட்டால் உடம்பு விறைத்து, கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நடுச்சாலையில் அப்படி ஒட்டிக்கொண்டால் எதிரே வரும் லாரிக்கு அது தெரியப்போவதில்லை. காலை மாத்திரை எட்டரைக்கு, அடுத்தது பன்னிரண்டரைக்கு.

அந்தக் காலை மாத்திரையை அவர் சாப்பிட்டாரா இல்லையா என்பதில்தான் வீடு இரண்டுபட்டு நின்றது.

"எப்படி சார் சாப்பிட்டிருப்பார்?" என்றார் மகன். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். காலை ஐந்து மணிக்கே வெளியூரில் கட்டடம் நடக்கும் இடத்துக்குக் கிளம்பிப் போய், போன் வந்ததும் அடித்துப் பிடித்து ஓடி வந்திருந்தார். சட்டையில் இன்னும் சிமென்ட் தூசி. "மெஷினோட பதிவை நானே பார்த்தேன். காலைல ஆறு பத்துக்கு ஆன் ஆகியிருக்கு, ஆறு இருபத்தஞ்சுக்கு நின்னிருக்கு. அப்ப வீட்ல அப்பாவைத் தவிர யாருமே இல்ல. ஆறரைக்கே கிளம்பிட்டார்னு அர்த்தம். இந்தம்மா என்னடான்னா எட்டு மணிக்கு வந்தேன், எட்டரைக்கு மாத்திரை குடுத்தேன்னு சாதிக்கிறாங்க. யாருக்குக் குடுத்தாங்க, சுவருக்கா?"

சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் பெரியவரைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். அவருடைய கைப்பையை மகன் வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தார், போலீஸ் வந்து பார்க்கட்டும் என்று. அந்த அம்மாள் ஃப்ரிட்ஜையும் பார்க்க முடியாமல் மகனையும் பார்க்க முடியாமல் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்தேன் சார்," என்றார் தூண்டிலிடம். "முழுங்கிட்டாரான்னு வாயைத் திறக்கச் சொல்லியும் பார்த்தேன். ஒன்பது மணிக்கு அறைக்குள்ள போனார். ஒன்பதுல இருந்து பத்து வரைக்கும் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். மாடில துணி காயப் போட்டுட்டு ஒன்பதே முக்காலுக்கு இறங்கி வந்தேன். வாசக்கதவு வெறுமனே சாத்தியிருக்கு, அறையில போய்ப் பார்த்தா ஆளைக் காணோம். உடனே தம்பிக்குப் போன் பண்ணினேன்."

"ஏன் அந்தப் பக்கம் போக மாட்டீங்க?"

"அது ஐயா அவர் சம்சாரத்தோட இருக்கிற நேரம் சார்."

சம்சாரம் போய் ஒன்றரை வருஷம். தூண்டில் மகனைப் பார்த்தார்.

"அம்மா கணக்கு டீச்சர்," என்றார் மகன். குரல் கொஞ்சம் இறங்கியது. "கடைசி நாலு வருஷம் வீட்லயே பாடம் நடத்தி வீடியோ எடுத்தாங்க, இதே மெஷின்ல. இதுல ரெண்டு சிஸ்டம் இருக்கு. ஒண்ணு என் ஆபீஸ் வேலைக்கு. இன்னொண்ணு அம்மாவோடது."

"ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு குடித்தனம், பாஸ்," என்று ஊசி மொழிபெயர்த்தாள். "ஒரு நேரத்துல ஒருத்தர்தான் கதவைத் திறக்க முடியும்."

"தினமும் ஒரு பாடம் கேப்பார்," என்றார் அந்த அம்மாள். "இப்ப பின்னம் நடக்குது. அரையும் காலும் சேர்ந்தா முக்கால்னு நேத்து சொன்னாங்க. வெளிய இருந்து கேட்டு எனக்கே புரிஞ்சது."

"பெரியவர் உங்களை என்னன்னு கூப்பிடுவார்?"

"எட்டுமணின்னு."

தூண்டில் அந்தப் பெயரை மனதுக்குள் போட்டு வைத்துக்கொண்டார். நாற்பது வருஷம் ஊர் கடிகாரத்தையெல்லாம் திருத்தியவர், எட்டேகாலுக்கு வருகிற ஆளுக்கு எட்டுமணி என்று பெயர் வைக்கமாட்டார். ஆனால் பட்டப்பெயர் போலீஸில் சாட்சி சொல்லாது. மெஷினின் பதிவு சொல்லும். அந்தப் பதிவை நம்பித்தான் ரயிலடியிலும் பஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரிகளிலும் ஆட்கள் தேடிக்கொண்டிருந்தார்கள், ஆறரைக்கே கிளம்பி, காலை மாத்திரை போடாமல் எங்கோ விறைத்துக் கிடக்கும் ஒரு கிழவரை.

"இந்த கீபோர்டு பழசு மாதிரி இல்லையே," என்றாள் ஊசி, கையிலிருந்ததைத் தட்டிப் பார்த்து.

"இது என் பையில இருந்தது. இங்க இருந்த கீபோர்டையும் காணோம். அப்பா கையில கிடைச்சதைத் தூக்கிட்டுப் போயிடுவார். போன மாசம் டிவி ரிமோட்டோட தெருமுனை வரைக்கும் போயிட்டார்."

தூண்டில் குனிந்து மேஜைக்குப் பின்னால் பார்த்தார். கீபோர்டு வயரை மேஜைக் காலோடு சேர்த்துப் பிடித்திருந்த சின்னத் தகடு கழற்றப்பட்டிருந்தது. அதன் திருகாணி எங்கே? கீழே உருண்டு கிடக்கவில்லை. ஜன்னல் விளிம்பில் ஒரு சாஸரில் இருந்தது. சாஸரின் மேல் ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது, காற்றில் போகாமல்.

இடம் தெரியாமல் அலைகிறவர் திருகாணிக்கு டம்ளர் கவிழ்ப்பாரா? தூண்டிலுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. அது என்னவென்று பிடிபடாததால் எரிச்சல்தான் வந்தது. மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

ஊசி மெஷினை மறுபடி அணைத்துப் போட்டாள். முத்திரை வந்தது, நேரே ஆபீஸ் பக்கத்தின் கடவுச்சொல் கேட்கும் திரை வந்தது.

"பாஸ், இதுல ஒரு இடிக்குற விஷயம் இருக்கு. ரெண்டு குடித்தனம் இருக்கிற வீட்ல, வாசல்ல ஒருத்தர் நின்னு 'யார் வீட்டுக்கு வந்தீங்க'ன்னு கேக்கணும். மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு பேரு திரையில வரும். கீபோர்டுல அம்புக்குறி போட்ட சாவியால ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். இது கேக்கவே இல்ல, கையைப் பிடிச்சு ஆபீசுக்குள்ள தள்ளுது." மகன் பக்கம் திரும்பினாள். "எப்பவும் இப்படித்தானா?"

"இல்ல. கேக்கும்."

"இப்ப ஏன் கேக்கல?"

"தெரியலையே. நான் ஒண்ணும் பண்ணல."

எட்டு வருஷம் கவுன்டரில் கேட்ட வாக்கியம். ஊசியின் புருவம் ஒன்று மட்டும் மேலே போனது. மெஷினை அணைத்து, ஆன் செய்து, ஒரு சாவியை விடாமல் தட்டினாள். இந்த முறை அந்தப் பட்டியல் வந்தது. கீழே இருந்த பெயருக்கு இறங்கி, அம்மாவின் பக்கத்துக்குள் நுழைந்தாள். அங்கே ஒரு கோப்பைத் திறந்து, இரண்டு வரியைப் படித்தாள்.

"வாசல்காரருக்கு உத்தரவு எழுதி வச்சிருக்கிற இடம் இது. காத்திருக்க வேண்டிய நேரம், பூஜ்ஜியம். யாரும் ஒண்ணும் சொல்லலன்னா திறக்க வேண்டியது, ஆபீஸ். கடைசியா திருத்தினது நேத்து சாயங்காலம் ஆறே முக்கால். நேத்து சாயங்காலம் வீட்ல யார் இருந்தா?"

மகன் கொஞ்ச நேரம் சிமென்ட் தூசியைத் தட்டினார். பிறகு, "நான்தான்," என்றார்.

"எதுக்கு?"

"தொண்ணூறு விநாடி நிக்கும் அது. நான் மெஷினைப் போட்டுட்டு சட்டை மாட்டப் போவேன். வந்து பார்த்தா இன்னும் 'யார் வீட்டுக்கு'ன்னு கேட்டுக்கிட்டு நிக்கும். இந்த வாரம் வேற மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணுது, ஒவ்வொரு தடவையும் தொண்ணூறு விநாடி. எரிச்சலா வந்துச்சு, மாத்திட்டேன். ஒரு வாரம்தானே, அப்பாவுக்கு நானே திறந்து குடுத்துக்கலாம்னு நினைச்சேன். இன்னிக்கு அஞ்சு மணிக்கே கிளம்ப வேண்டியதாயிடுச்சு. ஆனா சார், இதுக்கும் அப்பா காணாமப் போனதுக்கும் என்ன சம்பந்தம்?"

ஊசி பதிவுகளைப் பார்ப்பதற்காக மெஷினைத் திருப்பி ஆபீஸ் பக்கம் கொண்டுவந்தாள். கடவுச்சொல் கேட்கும் திரை வந்து நின்றது. இது அவசரப்படாத திரை. தூண்டில் நிதானமாகக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அதில் இருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தார். அவருக்குப் படிக்க வந்தது ஒன்றே ஒன்றுதான், மூலையில் இருந்த மணி.

"ஊசி, இப்ப மணி என்ன?"

"பன்னெண்டு ரெண்டு."

"இது ஒன்பது ரெண்டுங்குது."

ஊசி திரையைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பாஸ், நான் எட்டு வருஷம் கவுன்டர்ல உட்கார்ந்தது வீண்," என்றாள் மெதுவாக.

"அது எப்பவும் அப்படித்தான் சார்," என்றார் மகன். "அம்மா பக்கம் போயிட்டு வந்தா மணி மூணு மணி நேரம் பின்னால காட்டும். கடவுச்சொல் போட்டு உள்ள போனா இணையம் வந்துடும், தானா சரியாயிடும். அதை யாரும் கவனிக்கிறதே இல்ல."

"ரெண்டு குடித்தனத்துக்கும் பொதுவா ஒரே ஒரு சுவர்க்கடிகாரம்," என்று ஊசி தூண்டிலுக்கு விளக்கினாள். "அந்த வீட்டுக்காரங்க அதுல தங்களோட கணக்குப்படி வேற நேரத்தை வச்சுட்டுப் போவாங்க. இந்த வீட்டுக்காரங்க அதை உள்ளூர் நேரம்னு நம்பிடுவாங்க. நேத்து சாயங்காலம் இவர் உத்தரவை மாத்த அம்மா பக்கம் போயிருக்கார். அதனால காலைல முதல்ல போட்டப்ப மணி மூணு மணி நேரம் பின்னாலதான் இருந்திருக்கும்."

"பெரியவருக்கு ஆபீஸ் கடவுச்சொல் தெரியுமா?" என்று கேட்டார் தூண்டில்.

"தெரியாது."

"அப்ப அவர் உள்ளேயே போகல. மணி சரியாகவே இல்ல. மெஷினோட ஆறு பத்து, நம்ம ஊர்ல ஒன்பது பத்து." அவர் சமையலறை வாசல் பக்கம் திரும்பினார். "எட்டுமணியம்மா எட்டு மணிக்குத்தான் வந்திருக்காங்க. மாத்திரையும் குடுத்திருக்காங்க."

அந்த அம்மாள் புடவைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே மூன்றடி தூரத்தில் நின்றதைத் தூண்டில் அன்றுதான் பார்த்தார்.

மகன் கடவுச்சொல்லைப் போட்டார். ஊசி பதிவைத் திறந்து விரலால் எண்ணினாள். எண்ணி முடித்ததும் விரலைத் திரையிலேயே வைத்திருந்தாள்.

"என்னம்மா?"

"நீங்க முதலும் கடைசியும் மட்டும் பார்த்திருக்கீங்க சார்," என்றாள் மகனிடம். "நடுவுல பார்க்கல. அந்தப் பதினஞ்சு நிமிஷத்துல உங்கப்பா இதைப் பதினோரு தடவை ஆன் பண்ணி, பதினோரு தடவை அணைச்சிருக்கார்."

எல்லாருடைய கண்ணும் அந்தச் சின்னப் பொத்தானின் மேல் போய் நின்றது. ஒரு நடுங்கும் விரல் பதினோரு தடவை அதை அழுத்தியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் திரை முன்னால் காத்திருந்து, பட்டியல் வரும் என்று நம்பி, கீழ் அம்பைத் தட்டித் தட்டி, மனைவி கிடைக்காமல், மகனின் ஆபீஸ் வாசலில் போய் நின்றிருக்கிறது.

தூண்டிலுக்கு உறுத்தியது இப்போது பிடிபட்டது.

"அவர் வழி தவறிப் போகல," என்றார். "ரிப்பேருக்குப் போயிருக்கார். கீழ் அம்பைத் தட்டினா இறங்கணும், இறங்கல. கடிகாரக்காரர் என்ன நினைப்பார்? அந்தச் சாவி பழுதுன்னு நினைப்பார். திருகாணியைச் சாஸர்ல வச்சு, டம்ளரைக் கவிழ்த்து, பாகத்தைக் கழட்டி எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். திரும்பி வந்து மாட்டணுமே. ஆறரைக்குக் கிளம்பியிருந்தா எந்தக் கடையும் திறந்திருக்காது, அதான் யாரும் இந்தப் பக்கம் யோசிக்கல. ஒன்பதரைக்குத் திறந்திருக்கும்."

ஊசி அதற்குள் மெஷினின் முதுகைத் திருப்பியிருந்தாள். அதில் ஒட்டியிருந்த சீட்டில் ரிப்பேர் கடையின் விலாசம் இருந்தது.

அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போவது தூண்டிலுக்கு எப்போதும் உயிரைக் கையில் பிடித்துக்கொள்ளும் சமாசாரம். இன்றைக்கு அவரே "இன்னும் கொஞ்சம் வேகமா" என்றார்.

கடை ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. கடைக்காரர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியோடு நிமிர்ந்தார்.

"கீபோர்டோட ஒரு பெரியவரா? வந்தாரே. பேப்பர்ல சுத்திக் கொண்டு வந்தார், பத்து மணி இருக்கும். கீழ் அம்பு வேலை செய்யலன்னார். மாட்டிப் பார்த்தேன், எல்லாம் கச்சிதமா இருக்கு. அவர் நம்பல. உட்கார்ந்து மூணு தடவை பார்க்கச் சொன்னார். நான் என்ன சார் பண்றது, நல்லா இருக்கிறதை எப்படி ரிப்பேர் பண்ண முடியும்?"

"அப்புறம்?"

"பன்னெண்டு மணி வரைக்கும் அந்த ஸ்டூல்லயே இருந்தார். தன் விரலையே பார்த்துக்கிட்டு இருந்தார். 'அப்ப பழுது இதுலதான்'னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார். எங்கன்னு சொல்லல."

பன்னிரண்டு பதினேழு. வெளியே நாலு பக்கமும் சாலை, நாலிலும் வாகனம். ஊசி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "பாஸ், எனக்கு ஜோக்கே வர மாட்டேங்குது," என்றாள்.

"பாகம் சரியா இருந்தா, அடுத்த பாகத்தைப் பார்ப்பான் ரிப்பேர்காரன்," என்றார் தூண்டில். "சாவி நல்லா இருக்கு. அடுத்தது விரல். விரலை எங்க ரிப்பேர் பண்ணுவாங்க?" போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். மகன் எடுத்தார். அவருக்குத் தெரியவில்லை. எட்டுமணியிடம் கொடுக்கச் சொன்னார்.

"கைப்பயிற்சி நிலையம் சார்," என்றார் அந்த அம்மாள் யோசிக்காமல். "வாரம் ரெண்டு நாள் கூட்டிட்டுப் போவேன். அந்தக் கடையில இருந்து மூணு தெரு. ஆனா பன்னெண்டுக்குப் பூட்டிடுவாங்க. நான் மாத்திரையோட வந்துடறேன்." சற்றுத் தயங்கினார். "தம்பிகிட்ட அந்தக் கைப்பையைக் குடுக்கச் சொல்லுங்க சார். மதிய மாத்திரை டப்பா அதுலதான் இருக்கு."

மூன்று தெருவில் ஒன்று ஒருவழிப் பாதை, இன்னொன்றில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். சுற்றிக்கொண்டு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு முப்பத்தைந்து. நிலையம் பூட்டியிருந்தது. கதவில் 'மாலை நான்கு மணிக்கு' என்று ஓர் அட்டை.

அதற்குக் கீழே, வாசற்படியில், பெரியவர் நின்றுகொண்டிருந்தார்.

கடைசிப் படியில் ஒரு காலும் நடைபாதையில் ஒரு காலுமாக அப்படியே நின்றிருந்தார். பேப்பர் சுற்றிய கீபோர்டு மார்போடு அணைத்திருந்தது. போகிற வருகிற ஜனங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறாரே என்று ஒருவர் முணுமுணுத்தார். பெரியவரின் கண் மட்டும் ஒவ்வொருவராகப் பார்த்தது. வாய் திறக்கவில்லை.

"ஐயா," என்று தூண்டில் போய்க் கையைப் பிடித்தார். கை கட்டையாக இருந்தது. மெல்ல இழுத்தார். பெரியவரின் உடம்பு முன்னால் சாய்ந்தது, கால் வரவில்லை. விழுந்துவிடுவார் என்று பயந்து நிறுத்தினார். ஊசி மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் பெரியவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான் அவர்களால் முடிந்தது. இருபது வருஷ அனுபவமும் எட்டு வருஷ அனுபவமும் ஒரு காலை ஓர் அங்குலம் நகர்த்த உதவவில்லை.

மகனின் கார் வந்தது. அவர் இறங்கி ஓடி வந்து, "அப்பா, வாங்கப்பா, காலைத் தூக்குங்கப்பா, தூக்குங்க," என்று தோளைப் பிடித்து உலுக்கினார். பெரியவரின் முகம் இன்னும் இறுகியது.

"இழுக்காதீங்க தம்பி," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எட்டுமணி வந்து, மாத்திரையை நாக்கின்மேல் வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு பெரியவரின் முன்னால் நின்று, தன் ஒரு காலைக் குறுக்கே நீட்டி வைத்தார். "ஐயா, நடக்க வேணாம். என் காலைத் தாண்டுங்க. ஒண்ணு, ரெண்டு."

பெரியவர் அந்தக் காலைப் பார்த்தார். அவர் கால் எழுந்தது. தாண்டியது. எட்டுமணி இன்னொரு காலை நீட்டினார், அதையும் தாண்டினார். இப்படியே கார் வரைக்கும் போனார்கள். மகன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். மூன்று வருஷமாக அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்கிறார், இப்படி ஒரு வழி இருப்பது அவருக்குத் தெரியாது.

"நீங்க எட்டு மணிக்குத்தான் வந்தீங்க," என்றார் அந்த அம்மாளிடம். மன்னிப்பு என்று ஆரம்பித்தால் அழுதுவிடுவார் போலிருந்தது, அதனால் இதைச் சொன்னார்.

"தினமும் எட்டுதான் தம்பி."

மாத்திரை பிடிக்கும்வரை அரை மணி காரிலேயே காத்திருந்து கிளம்பினார்கள். வழியில் பெரியவருக்கு நாக்கின் இறுக்கம் விட்டது. மகனிடம் தன் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார்.

"இது போயிடுச்சுடா. சாவி நல்லாத்தான் இருக்காம். உங்கம்மாவைத் திறக்க முடியல."

மகன் வண்டியை ஓரம் கட்டினார். "உங்க விரல்ல ஒண்ணும் இல்லப்பா. நான்தான் மாத்தினேன்," என்றார். பெரியவருக்கு அது விளங்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் முதல் வேலையாக அவர் ஜன்னல் விளிம்புக்குப் போய் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். திருகாணி இருந்தது. தூண்டில் அதை வாங்கி, தகட்டை மாட்டி, வயரைப் பழையபடி பொருத்தினார். ஊசி அம்மாவின் பக்கத்தில் அந்தக் கோப்பைத் திறந்தாள். காலையில் அவசரத்தில் இரண்டு வரியோடு விட்டிருந்தாள். இப்போது முழுவதும் படித்தவள் கையை எடுத்துவிட்டாள்.

"எண்ணுக்கு மேல ஒரு குறிப்பு இருக்கு. மெஷின் அதைப் படிக்காது. மனுஷங்களுக்கு எழுதினது."

"என்னன்னு?" என்றார் தூண்டில்.

"'இவருக்குக் கை நடுங்குகிறது. பார்த்தேன், கீழே இறங்க எழுபது விநாடி ஆகிறது. தொண்ணூறு இருக்கட்டும். யாரும் குறைக்க வேண்டாம்.'"

ஊசி மகனைப் பார்த்தாள். "நேத்து இதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்," என்றார் மகன்.

யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்திருக்கும்.

"எழுபதுன்னா எழுதியிருக்கா?" என்றார் பெரியவர் நாற்காலியிலிருந்து. "அறுபத்தெட்டு. நானும் எண்ணினேன். அவ எப்பவும் முழுசாக்கித்தான் எழுதுவா."

"இப்ப எவ்வளவு வைக்கட்டும்ப்பா?"

பெரியவர் விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். ஒரு காலத்தில் மற்றவர்களின் கடிகாரங்களுக்கெல்லாம் விநாடி சுத்தமாக நேரம் வைத்துக் கொடுத்தவர். தனக்கு எவ்வளவு வேண்டும், அடுத்த மாதம் எவ்வளவு, அதற்கடுத்த மாதம் எவ்வளவு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

"கணக்கே இல்லாம வைக்க முடியாதாம்மா?" என்று எட்டுமணி ஊசியிடம் கேட்டார்.

"முடியும். மைனஸ் ஒண்ணுன்னு போட்டா, யாராவது கையை வைக்கிற வரைக்கும் வாசல்லயே நிக்கும்."

"அதைப் போடுங்க," என்றார் எட்டுமணி.

மகன்தான் போட்டார். இரண்டு முறை தப்பாகத் தட்டி அழித்தார். மெஷினை அணைத்து ஆன் செய்தார்கள். முத்திரை வந்தது, போனது. பட்டியல் வந்தது, நின்றது. மேலே ஆபீஸ், கீழே அம்மா.

பெரியவரின் விரல் கிளம்பியது. அம்பின் பக்கத்துச் சாவியைத் தொட்டது, விலகியது, காற்றில் ஆடியது, மறுபடி வந்தது. தூண்டிலின் கை தானாக முன்னே போயிற்று, ஒரு தட்டுத் தட்டிவிடலாமே என்று. அதை இழுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். ஊசி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த வெளிச்சக் கட்டம் ஒரு வரி கீழே இறங்கியது.

"வாங்க தம்பி," என்று எட்டுமணி மகனின் கையைத் தொட்டார். "அவர் நேரம் இது."

எல்லாரும் வெளியே வந்தார்கள். கதவு சாத்தியிருந்தும் உள்ளே பாடம் தொடங்குவது கேட்டது. கணக்கு டீச்சரின் குரல் தெளிவாக இருந்தது, எதிரே இருக்கிற பிள்ளைகளிடம் கேட்கிற மாதிரி.

"நேத்து எங்க விட்டோம்?"

"முக்கால்ல," என்றார் பெரியவர்.